ஐந்தாவது விரல்

— அஞ்சு ரூவா. ரொக்கம். அந்தக் காகிதத்தை இங்கன வச்சுட்டு, ஒரு செம்பு மோரைக் குடிச்சுட்டு, பைய நடையைக் கட்டும் வே.

— அண்ணாச்சி, இது விலைக்குக் கொண்டுவந்த சரக்கில்ல. உங்க மகன் சிவசைலம் எழுதின வியாசம்.

— எழுதினது எம்மவன். எழுதியிருக்கது என்னைப் பத்தின்னு நீரேதான் சொல்லுதீரு. அப்பம் சரக்கு யாருது? என் சரக்குக்கு நானே துட்டுக் குடுக்கேங்கேன், அதையும் வேண்டாங்கீரே, சத்தியநேசன் வாத்தியாரே! எத்தனை பக்கம்?

— ஏழு.

— ஏழு பக்கத்துக்கு அஞ்சு ரூவான்னா, பக்கத்துக்குப் பதினோரு அணாவுக்கு மேல வருது. ரிஜிஸ்தர் ஆபீசு வாசல்ல பத்திரம் எழுதுதவனுக்கே எட்டணாதான். சரி, நீரும் வெயில்ல நடந்து வந்திருக்கீரு. ஏழு ரூவா. பக்கத்துக்கு ஒண்ணு. கணக்கும் லேசு.

— ஏழுமில்ல, எழுபதுமில்ல. நியாயமாச் சொல்லணும்னா, பதினெட்டு வருசமா பிள்ளைங்க எழுதுததைத் திருத்திக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி. இதை வாசிச்சு முடிச்சதும் எந்திரிச்சு நின்னுட்டேன்.

— எதுக்கு?

— தெரியல. உக்காந்திருக்க முடியல.

— பத்து.

— விலையை விடுங்க. முதல்ல விசயத்தை முழுசாக் கேளுங்க. ஜில்லாவுல ஹைஸ்கூல் கடைசி வகுப்புப் பிள்ளைங்களுக்கெல்லாம் காலேஜ்காரங்க ஒரு வியாசப் போட்டி வச்சிருக்காங்க. 'நான் நேரில் கண்ட ஒரு தொழில்', இதுதான் தலைப்பு. ஜெயிக்கிற பையனுக்குக் காலேஜ்ல இடம் நிச்சயம். ரெண்டு வருசத்துக்குப் படிப்புச் சம்பளம் கட்ட வேண்டாம். சாப்பாடும் அவங்க பொறுப்பு. டில்லியில சக்கரவர்த்திக்குப் பட்டாபிஷேகம் முடிஞ்ச இந்த ரெண்டு வருசமா காலேஜ்ல இடம் கேட்டு எவ்வளவு கூட்டம்னு உங்களுக்குத் தெரியாது. துட்டு இருக்கவனே வெளிய நிக்கான்.

— மத்தப் பயலுவ என்னத்தை எழுதினானுவ?

— எங்க பள்ளிக்கூடத்துல முப்பத்தாறு பேரு எழுதினான். அதுல இருபத்தொம்பது பேரு உழவுத் தொழில். இருபத்தொம்பதுக்கும் முதல் வரி ஒண்ணுதான். எந்தப் புஸ்தகம்னு எனக்குத் தெரியும், எத்தனாம் பக்கம்னும் தெரியும். ஒருத்தன் நாத்து நட்ட பொறவு வயலை நல்லா உழணும்னு எழுதியிருக்கான்.

— யாரு மவன் அது?

— வேண்டாம் அண்ணாச்சி. போகத்துக்கு நாப்பது வண்டி நெல்லு வீட்டுல வந்து இறங்குத பெரிய மனுசன் மகன். இன்னொருத்தன் உடன்குடிக் கருப்பட்டியைப் பத்தி எழுதினான். ரொம்ப நல்லா எழுதினான், தின்னதைப் பத்தி மட்டும்.

— அதை அனுப்பும். கருப்பட்டி இனிப்பான சாமான். வாசிக்கதுக்கும் நல்லாருக்கும்.

— ஒரு பள்ளிக்கூடத்துலேருந்து ஒண்ணுதான் போகணும். எங்க ஹெட்மாஸ்டர், நாத்து நட்டுட்டு உழுத பையனோடதை அனுப்பலாம்னாரு. அவங்க அப்பா பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டுக் குடுத்திருக்காரு. நான் சண்டை போட்டு இதை நிறுத்தி வச்சிருக்கேன். ஆனா ஒரு விதி இருக்கு. உசிரோட இருக்கவங்களைப் பேரு சொல்லி எழுதினா, அந்த ஆளு முழுசையும் வாசிக்கக் கேட்டு, அடியில தன் கையால 'இதில் கண்டது உண்மை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். எழுதத் தெரியாதவங்க கைநாட்டு வச்சாப் போதும். கதை கட்டி விடுததைத் தடுக்கதுக்காக. நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள காலேஜ் ஆபீசுல சேரணும்.

— போடலைன்னா?

— உங்க மகனோடது தள்ளுபடி. பதிலா உழவு வியாசம் போயிரும்.

— போட்டு, பய ஜெயிச்சான்னா?

— மண்டபத்துல கலெக்டர் துரை முன்னால வாசிப்பாங்க. அச்சுப்போட்டு எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புவாங்க.

— துரைக்குத் தமிழ் தெரியாது, அது கிடக்கட்டும். முன் வரிசையில யாரு?

— பரிசுக்குத் துட்டுக் குடுத்த வியாபாரிங்க.

— மாட்டு வியாபாரிங்களுமா?

— அவங்களுந்தான்.

— பதினஞ்சு! அதுக்கு மேல காலணா கிடையாது. ஏன் வே, உமக்குத் தெரியாதா? சந்தையில மாட்டு விலையை நாங்க வாயால பேசமாட்டோம். கையைப் பிடிச்சு, மேல ஒரு துண்டைப் போட்டு, அதுக்குள்ள விரலைப் பிடிச்சுத்தான் பேசுவோம். விரலுக்குப் பத்து ரூவா. பக்கத்துல நிக்கவனுக்குத் தெரியக்கூடாதுன்னுதான துண்டு? அந்தத் துண்டுக்குள்ளதான் என் சோறு இருக்கு. அதை எம்மவன் கலெக்டர் முன்னால தூக்கிக் காட்டப்போறான். நீரு அதுக்கு எந்திரிச்சு வேற நின்னீரு.

— மோரு கொண்டாந்திருக்கேன், வாத்தியாரய்யா. பதினஞ்சுன்னு அடுப்படி வரைக்கும் சத்தம் கேட்டுச்சு. எந்த மாடுங்க?

— மாடில்லம்மா. உங்க மகன் எழுதின வியாசம். அண்ணாச்சி விலை கேக்காக.

— காகிதத்துக்கா? பதினஞ்சா? வீட்டுல மொத்தமே எட்டு ரூவாதான் கிடக்கு. மாட்டுக்குக் கோமாரி நோய் வந்து பதினோரு உருப்படி செத்துப்போன பொறவு, இந்த மனுசன் கையில பதினஞ்சைச் சேத்து நான் பாத்ததே இல்ல.

— ஏளா கோமு, உள்ள போ. விலை பேசுத இடத்துல வந்து இருப்புத் துட்டைச் சொல்லுவாளா ஒருத்தி?

— சொல்லுவா. பிள்ளை ரெண்டு நாளா வீட்டுக்கு வரல. அதைக் கேக்காம இங்கன என்ன விலை பேச்சு? அவன் எங்க, வாத்தியாரய்யா?

— எங்க வீட்டுலதான்மா. அப்பா மூஞ்சியில முழிக்கப் பயந்துக்கிட்டு இருக்கான். என் சம்சாரம் பாக்கியவதி பாத்துக்கிடுதா. நல்லாச் சாப்பிடுதான்.

— சாப்பிடுதானா... உங்க வீட்டுல கருவாடு மணக்குமே.

— ரெண்டு நாளா இல்லம்மா. உங்க மகன் புண்ணியத்துல நாங்களும் சைவமாயிட்டோம்.

— அப்பிடின்னா படிங்க. எம்பிள்ளை என்ன எழுதினான்னு நான் கேக்கணும்.

— ஏளா!

— என்ன ஏளா? மாட்டைப் பாக்காம எங்கயாவது விலை சொல்லியிருக்கியளா? பல்லைப் பிடிச்சுப் பாப்பிய, திமிலைத் தட்டிப் பாப்பிய, வாலைத் தூக்கிப் பாப்பிய. இதை மட்டும் மூடி வச்சே கேக்கிய. உள்ளுக்குள்ள என்னவோ இருக்குன்னு உங்களுக்கே தெரியுது.

— இவகூடப் பேசி ஜெயிக்கதுக்கு நான் இன்னொரு பிறவி எடுக்கணும். சரி, படியும் வே. ஆனா பைய. கூட்டெழுத்து மாதிரி ஓட்டாதேயும்.

— படிக்கேன். 'என் தந்தை தில்லைநாயகம் மாட்டு வியாபாரி. அவருடைய கைகளை நான் அறிந்த அளவுக்கு அவருடைய முகத்தை அறிந்ததில்லை. சந்தையில் முகம் பொய் சொல்லுவதற்காக இருக்கிறது.'

— பாத்தேரா, முதல் வரியிலேயே பெத்தவன் மூஞ்சியில கரி!

— நிசந்தான? நீங்க மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்தா அன்னைக்கு லாபம்னு எனக்கு எப்பமோ தெரியும். படிங்க ஐயா.

— 'சித்திரை வெயிலில் சந்தை நடுவே நின்று அவர் துண்டைப் போடுவார். துண்டு விழுந்ததும் அதன் கீழே ஒரு முழ அகலத்துக்கு இருட்டு உண்டாகும். ஊரெல்லாம் வெளிச்சமாக இருக்க, அந்த ஒரு முழம் மட்டும் வேறொரு தேசம். அங்கே இரண்டு கைகள் சந்திக்கும். மேலே இரண்டு வாய்கள் மழையைப் பற்றியும் மருமகனைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். கீழே கைகள் வேறு பேசும்.'

— நில்லும். அந்த ஒரு முழம்னு வந்துச்சே, அதை இன்னொரு தடவை படியும்.

— 'ஊரெல்லாம் வெளிச்சமாக இருக்க, அந்த ஒரு முழம் மட்டும் வேறொரு தேசம்.'

— முப்பது வருசமா அந்தத் துண்டைப் போடுதேன். வேர்வை துடைக்கேன், தலைக்கு வச்சுப் படுக்கேன். அதுக்குக் கீழ ஒரு தேசம் கிடந்திருக்கு... சரி, சரி. மேல போம்.

— 'என் தந்தை பணிவுள்ளவர் என்று சந்தையில் பெயர். ஏனென்றால் மற்றவர்கள் வலக்கையை மட்டும் நீட்டுவார்கள். என் தந்தை இரண்டு கைகளையும் நீட்டுவார். வலக்கை விலை சொல்லும். இடக்கை, மரியாதைக்குத் தாங்குவதுபோல, எதிராளியின் மணிக்கட்டுக்குக் கீழே போய் அமர்ந்துகொள்ளும்.'

— வாத்தியாரே...

— 'அது பணிவு அன்று. அந்த இடக்கையின் மூன்று விரல்கள் நாடியின்மேல் இருக்கின்றன. வைத்தியர் நோயைத் தேடும் இடத்தில் என் தந்தை விலையைத் தேடுகிறார். அறுபது என்று எதிராளியின் விரல் கேட்கும்போது அவன் நாடி சும்மா இருக்கும். நாற்பது என்று இவர் திருப்பிச் சொல்லும்போதும் சும்மா இருக்கும். ஐம்பது என்றதும் ஒரு துள்ளுத் துள்ளும். அந்தத் துள்ளல்தான் விலை. மற்றதெல்லாம் பேச்சு.'

— போதும். நிறுத்தும்.

— ஏங்க? என்னத்துக்கு இடக்கையை இப்பிடித் திருப்பித் திருப்பிப் பாக்கிய? உள்ளதா இது?

— இதை நான் ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல, கோமு. உங்கிட்டயும் சொன்னதில்ல. எங்கப்பா எனக்குச் சொல்லித் தரவும் இல்ல. நானே எனக்குச் சொல்லிக்கிட்டதில்ல வே! கை பாட்டுக்குப் போகும், அங்கன உக்காரும், விலையைக் கொண்டாந்து குடுக்கும். அதுக்குச் சொல்லுன்னு ஒண்ணு எங்கிட்டக் கிடையாது. இந்தப் பய சொல்லு கண்டுபிடிச்சு வச்சிருக்கான். என் கையை எனக்கே காட்டுதான்.

— அதான் அண்ணாச்சி, நான் எந்திரிச்சு நின்ன இடம் இதுதான்.

— பாக்காம நிக்கான்னுல்லா நினைச்சேன்! மாட்டுக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு எங்கயோ மரத்தைப் பாத்துக்கிட்டு நிப்பான். கூறு இல்லாத பயன்னு எத்தனை நாளு திட்டியிருக்கேன். இங்கன பாரும், புல்லரிச்சுப் போயிருக்கு.

— அப்பம் கையெழுத்துப் போடுதியளா, அண்ணாச்சி?

— போட்டா, மண்டபத்துல வாசிச்ச மறுநாளே சந்தைக்கு வாரவன் எல்லாவனும் மணிக்கட்டுல துணியைச் சுத்திக்கிட்டு வருவான். நான் இடக்கையை நீட்டினா சிரிப்பான். முப்பது வருசத் தொழிலு. எவ்வளவு சுத்தமா அறுத்திருக்கான் பாத்தேரா? ஒரு சொல்லு கூடுதல் இல்ல, ஒரு சொல்லு குறைச்சல் இல்ல. முப்பது ரூவா தாரேன் வே.

— எட்டு ரூவாயை வச்சுக்கிட்டா?

— கடன் வாங்கித் தாரேன்ளா.

— வாங்கி எரிச்சிருவியளா, அண்ணாச்சி?

— எரிக்கவா? இதையா? உமக்குப் புத்தி இருக்கா? பெட்டியில வச்சுப் பூட்டுவேன். மாசம் ஒரு தடவை நீரு வந்து படிச்சுக் காட்டும். மோரு உண்டு.

— உங்க கஷ்டம் எனக்குத் தெரியாம இல்ல. அவன்கிட்டயும் சொன்னேன், நாடியைப் பத்தி வர்றதை மட்டும் எடுத்துருடா, அப்பா பிழைப்பு போயிரும்னு.

— ஆ! அப்பிடி வாரும் வழிக்கு. அதை எடுத்துட்டுப் படியும். மிச்சத்துக்கு இப்பவே கையெழுத்துப் போடுதேன்.

— சரி. 'வலக்கை விலை சொல்லும். இடக்கை, மரியாதைக்குத் தாங்குவதுபோல, மணிக்கட்டுக்குக் கீழே போய் அமர்ந்துகொள்ளும். இவ்வாறு வியாபாரம் இனிதே முடியும்.'

— ...இனிதே முடியுமா?

— அவனும் இப்பிடித்தான் வாசிச்சுப் பாத்தான்.

— என்ன சொன்னான்?

— பேனாவைக் கீழ வச்சுட்டான்.

— கண்ணு ரெண்டையும் நோண்டி எடுத்த மாடு மாதிரில்லா இருக்கு. நாலு காலும் இருக்கு, வாலும் இருக்கு. எவன் வாங்குவான்? சவம், எடுத்ததைத் திருப்பி உள்ள வையும். இனிதே முடியுமாம்!

— இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு அண்ணாச்சி. அதைக் கேக்காம கையெழுத்து கேக்க எனக்கு மனசில்ல. அவன் எங்க வீட்டுல ஒளிஞ்சு கிடக்கது நாடிக்காக இல்ல. இதுக்காக.

— இதை விட என்ன கெடுதல் செஞ்சிருக்கப் போறான்? படியும்.

— 'எனக்கு எட்டு வயதானபோது, கல்லிடைக்குறிச்சி முப்பிடாதி என்பவள் ஒரு ஜோடிக் காளைகளை அம்பாசமுத்திரம் சந்தைக்குக் கொண்டுவந்தாள். வண்டி ஓட்டிய அவள் புருஷன் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.'

— ஞாபகம் இருக்கு. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு மயிலை. புருசன் பேதியில போயிட்டான்.

— 'பெண்ணின் கையை வியாபாரி துண்டுக்குள் பிடிப்பது வழக்கமில்லை. ஆகையால் நடுவே ஒரு சிறு பிள்ளையை நிறுத்துவார்கள். அவள் பிள்ளையின் ஒரு கையைத் தன் முந்தானைக்குள் பிடித்து விலை சொல்லுவாள். பிள்ளை மறு கையால் அதைத் துண்டுக்குள் வியாபாரிக்குச் சொல்லும். அன்று அந்தப் பிள்ளை நான்.'

— எட்டு வயசுப் பிள்ளையை இந்தச் சோலிக்கா நிறுத்துனிய? சந்தையில சேவு வாங்கித் தாரேன்னுல்லா கூட்டிக்கிட்டுப் போனிய!

— சேவும் வாங்கிக் குடுத்தேன்ளா. அது வழக்கம். என்னையும் நிறுத்தியிருக்காக. நீ கேளு.

— 'என் தந்தை என் மூன்று விரல்களைப் பிடித்தார். முப்பது. நான் அதைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். அவள் கை குளிர்ந்துபோயிற்று. பிறகு என் நான்கு விரல்களைப் பிடித்தாள். அதன் பின் நடந்ததை நான் இதுவரை எவரிடமும் சொல்லவில்லை. அவளுடைய கை என் ஐந்தாவது விரலுக்கு வந்தது. அதைத் தொட்டது. கேட்கலாமா என்பதுபோல் சற்று நேரம் அதன்மேல் இருந்தது. பிறகு விலகிக்கொண்டது.'

— ஐயோ, பாவம்.

— தொட்டுட்டா எடுத்தா?

— அப்பிடித்தான் எழுதியிருக்கான்.

— அது எனக்குத் தெரியாது வே. அது எனக்கு வரல... மேல படியும்.

— 'நான் என் தந்தையின் துண்டுக்குள் கையை நீட்டி, அவருடைய ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தேன். அவள் விரல் சொன்னது நாற்பது. அவள் கை சொன்னது ஐம்பது. நான் சொன்னது பொய்யா, மெய்யா என்பது ஒன்பது வருஷமாக எனக்கு விளங்கவில்லை. என் தந்தை கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பின்பு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஐம்பது ரூபாயை எண்ணிக் கொடுத்தார். அவள் ரூபாயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். திருநெல்வேலிச் சீமையில் என் தந்தையை வியாபாரத்தில் ஏமாற்றியவன் ஒருவனே உண்டு. அவன் இதை எழுதுகிறவன்.' அவ்வளவுதான் அண்ணாச்சி.

— முடிஞ்சிட்டா?

— முடிஞ்சிட்டு.

— பத்து ரூவா! எட்டு வயசுல! உங்களைப் போயி! தாமிரபரணித் தண்ணி குடிச்ச ஒருத்தனுக்கும் முடியாத காரியத்தை எம்பிள்ளை செஞ்சிருக்கான். எனக்குச் சிரிப்பு வருதா அழுகை வருதான்னு தெரியலியே.

— சும்மா இரி. என்னையாவது, அந்தப் பய ஏமாத்தினதாவது! ஏன் வே, அவன் கையை நான் பிடிச்சிருந்தப்போ என் இடக்கை எங்க இருந்துச்சு?

— இடக்கை... மணிக்கட்டுல.

— அவன் அஞ்சு விரலைப் பிடிக்கான். அங்கன நாடி கோழிக்குஞ்சு நெஞ்சு மாதிரி அடிக்கு. பெத்த பிள்ளை நாடி எனக்குத் தெரியாதா? பயல் பொய் சொல்லுதான்னு அந்தக் கணமே தெரியும். எதுக்குச் சொல்லுதான்னுதான் தெரியாது. அது இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

— தெரிஞ்சுமா அம்பது குடுத்திய?

— குடுத்தேன்.

— அண்ணாச்சி! பிள்ளை சொன்ன பொய்யை அங்கனயே மெய்யாக்கிட்டு, ஒன்பது வருசம் வாயைத் திறக்காம இருந்திருக்கியளே!

— எங்கிட்டக்கூட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க. இந்த மனுசனைப் போயி உலகத்துல இல்லாத கஞ்சன்னு எத்தனை தடவை வைதிருக்கேன். ஏங்க, அந்த முப்பிடாதி இப்பம் எங்க இருக்கா?

— அங்கனதான்மா, கல்லிடைக்குறிச்சியில. நெல்லு குத்தப் போறா. அவ பேரும் வருதுல்லா, அதனால நேத்தே போயி வாசிச்சுக் காட்டிக் கைநாட்டு வாங்கிட்டேன். இந்தா, கடைசிப் பக்கத்துல பெருவிரல்.

— என்ன சொன்னா?

— நியாயமாச் சொல்லணும்னா, அதைச் சொல்ல வேண்டாம்னு இருந்தேன் அண்ணாச்சி. வாசிச்சு முடிச்சதும் அழுவாள்னு பாத்தேன். அழல. முந்தி முடிச்சை அவுத்து ரெண்டு ரூவாயை எடுத்தா. 'அந்த ஐயாவுக்கு என்னால பத்து ரூவா நட்டம்னு இத்தனை வருசம் எனக்குத் தெரியாமப் போச்சே. இதைக் குடுத்துருங்க, மிச்சம் எட்டையும் அறுப்புக்குப் பொறவு கொண்டாந்து தாரேன்னு சொல்லுங்க'ன்னா. நான் வாங்கல.

— ஏங்க, கேட்டியளா? ரெண்டு ரூவா எடுத்தாளாம்.

— காது கேக்குதுளா.

— அண்ணாச்சி, பேனா இந்தா இருக்கு. முப்பிடாதி கைநாட்டுக்குக் கீழதான் உங்க இடம். உங்க பிழைப்பை நினைச்சு வேண்டாம்னு சொன்னாலும் நான் கோவப்பட மாட்டேன்.

— பிழைப்பு கிடக்கட்டும். மணிக்கட்டுல துணி சுத்திக்கிட்டு வந்தான்னா கண்ணு முழியைப் பாத்து விலை சொல்லிட்டுப் போறேன். இப்பிடி எழுதுத பயலைச் சந்தைக்குக் கூட்டிக்கிட்டுப் போயி, மாட்டு வாலைத் தூக்கிப் பிடிலேன்னு சொல்ல எனக்கு நாக்கு வருமா? பேனாவைத் தாரும். என்ன எழுதணும்?

— 'இதில் கண்டது உண்மை.' கீழ உங்க பேரு.

— 'இதில்'... 'கண்டது'...

— ஏங்க நிறுத்திட்டிய? மை சொட்டிரப் போகுது.

— எழுத்துக் கூட்டிச் சொல்லட்டுமா அண்ணாச்சி?

— எழுத்து தெரியும் வே. அஞ்சு தலைமுறைக் கணக்கு எழுதின கை. அந்த ஒரு சொல்லு வரமாட்டேங்கு.

— ஏன், பிள்ளை எழுதினதுல ஏதாவது பொய் இருக்கா?

— இருந்தா லேசாப் போட்டிருப்பேன்ளா. ஒரு சொல்லு பொய் கிடையாது, அதான் கஷ்டம். கண்டதெல்லாம் கண்டபடியே எழுதியிருக்கான். அவ நாடியை அவன் பாத்தான். அவன் நாடியை நான் பாத்தேன். என் நாடியை அன்னைக்கு எவன் பாத்தான்?

— விளங்கலியே அண்ணாச்சி.

— இப்பம் விளங்கும். கொஞ்சம் தள்ளி நில்லும், வெளிச்சத்தை மறைக்கீரு.

— என்னவோ நீளமாவுல்லா எழுதுதிய. வாய்விட்டுப் படிங்க, எனக்கும் கேக்கணும்.

— 'இதில் கண்டது உண்மை. காணாதது: அந்த ஜோடி தொண்ணூறு பெறும் என்று துண்டைப் போடும் முன்பே எனக்குத் தெரியும். ஒன்பதாம் நாள் கடையம் சந்தையில் விற்றது தொண்ணூறு. கொடுத்தது ஐம்பது. முப்பிடாதிக்குப் பாக்கி நாற்பது. தில்லைநாயகம்.'